ஃபைல்களை ஒட்டத் தெரியும்... வரிசைகளை எண்ணத் தெரியுமா?

2020 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டன் அரசு அன்று வெளியிட்ட கொரோனா எண்ணிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே நாளில் 22,961 பேர். இரண்டு நாட்களுக்கு முன்புவரை தினமும் ஏழாயிரத்தைச் சுற்றியே இருந்த எண் அது.

வார இறுதியில் நோய் மூன்று மடங்கு பரவிவிடவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் ஏறாமலேயே விடுபட்டிருந்தார்கள். தவறு தெரிந்ததும் அவர்களை மொத்தமாகச் சேர்த்தார்கள். அதனால்தான் அந்தத் திடீர் ஏற்றம்.

அந்த 15,841 பேர் எங்கே போயிருந்தார்கள்? எங்கேயும் போகவில்லை. பல ஃபைல்களில் இருந்த வரிசைகளை ஒரே ஃபைலில் சேர்க்கும்போது, கடைசியில் இருந்தவை உதிர்ந்துவிட்டன. உலகம் முழுக்க, சென்னை ஓ.எம்.ஆரில் இருந்து கோவை அவிநாசி சாலை வரை, மாதக் கடைசியில் யாரோ ஒரு ஜூனியரின் தலையில் கட்டப்படும் அதே வேலைதான். "அந்த ஃபைலை எல்லாம் ஒண்ணாக்கி அனுப்புப்பா" என்று இரண்டே நொடியில் சொல்லிவிட்டுப் போகிற வேலை.

65,536-இல் முட்டிய சுவர்

பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை சிஎஸ்வி ஃபைல்களாக அனுப்பின. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்து ஃபைல். ஒரு வரிக்கு ஒரு பதிவு, நடுவில் காற்புள்ளிகள். அதற்கு நீள எல்லை கிடையாது. இந்த ஃபைல்களை இழுத்து, எக்செல் படிவங்களில் கொட்டி, மத்திய தரவுத்தளத்துக்கு ஏற்றுவதற்கு 'பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து' அமைப்பு ஒரு தானியங்கி ஏற்பாட்டை வைத்திருந்தது.

அந்தப் படிவங்கள் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தன. அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான். 2007-இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் 10,48,576 வரிசைகள் தாங்கும். ஆனால் பழைய படிவத்தை யாரும் மாற்றவில்லை. ஒரு பரிசோதனை முடிவு பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால், ஒரு படிவத்தில் ஏறத்தாழ 1,400 பேருக்குத்தான் இடம் இருந்தது. அதற்கு மேல் வந்தவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். சிவப்பு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வேலை முடிந்தது என்றே இயந்திரம் நினைத்துக்கொண்டது.

பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் குறை இல்லை. ஆனால் அவர்கள் யாரோடு பழகினார்கள் என்று கேட்டு, அந்த ஆட்களை எச்சரித்துத் தனிமைப்படுத்த வேண்டிய குழுவுக்கு இந்தப் பெயர்கள் போகவில்லை. திங்கள்கிழமை நாடாளுமன்றத்துக்குக் கிடைத்த கணக்குப்படி, விடுபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் அந்தக் குழு அதுவரை தொடர்பு கொண்டிருந்தது. இடைப்பட்ட நாட்களில், தாங்கள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்றே தெரியாதவர்கள் பேருந்து ஏறினார்கள், வேலைக்குப் போனார்கள், வயதான பெற்றோரைப் பார்க்கப் போனார்கள்.

இதன் விலை என்ன? தீமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். விடுபட்டவர்கள் அதிகம் இருந்த பகுதிகளையும் குறைவாக இருந்த பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். கூடுதலாக 1,25,000-க்கும் மேற்பட்ட தொற்றுகள், 1,500-க்கும் மேற்பட்ட மரணங்கள் என்பது அவர்களது முதல் மதிப்பீடு. மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. அதில் பாதியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு ஷீட் நிரம்பியதற்கு அது தாங்க முடியாத விலை.

எக்செல் மட்டுமா குற்றவாளி?

செய்தி வந்ததும் இணையம் முழுக்க எக்செல்லைக் கிண்டல் செய்தது. 'இந்தக் காலத்தில் போய் யாராவது எக்செல்லில் இதைச் செய்வார்களா, பைத்தானில் நாலு வரி எழுதியிருந்தால் போதுமே' என்பது பொறியாளர்களின் பொதுத் தீர்ப்பு.

பாதி சரி. மீதிப் பாதி, தப்பான ஆறுதல். அங்கே யாரும் உட்கார்ந்து காப்பி-பேஸ்ட் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தானாக ஓடிய ஏற்பாடு. அதாவது, 'மனிதன் செய்தால் தப்பு வரும், ஸ்கிரிப்ட் செய்தால் வராது' என்ற நம்பிக்கைக்கு அந்தச் சம்பவமே மறுப்பு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கூடங்கள் மொத்தம் எத்தனை பதிவு அனுப்பின, கடைசி ஃபைலில் எத்தனை பதிவு ஏறியது என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு படி அங்கே வேலை செய்யவில்லை. வேலை செய்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

லாரி ஷெட்டில் இந்தப் பழக்கம் எப்போதும் உண்டு. ஏற்றும் இடத்தில் சீட்டில் எத்தனை மூட்டை என்று எழுதுவார்கள். இறக்கும் இடத்தில் எண்ணிப் பார்த்து, டேலி ஆனால்தான் கையெழுத்து. ஒரு மூட்டை குறைந்தாலும் டிரைவர் நகர முடியாது. ஏசி அறையில் நடக்கும் டேட்டா வேலையில் மட்டும் 'வந்துருச்சு சார்' என்றால் போதுமென்று எப்படி ஆனது?

ஸ்கிரிப்ட் ஏன் தேவை?

இதற்காகக் கைவேலைக்கே திரும்பிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பது ஃபைல்களைத் திறந்து, தேர்ந்தெடுத்து, ஒட்டி, மூடுகிற வேலையில் பதினேழாவது ஃபைல் வரும்போது போன் அடிக்கும். திரும்பி வந்ததும் பதினேழை ஒட்டினோமா, இல்லையா? சந்தேகத்தில் இன்னொரு முறை ஒட்டுவார், அல்லது விட்டுவிடுவார். எது நடந்தது என்று அடுத்த வாரம் யாராலும் சொல்ல முடியாது. கைவேலையின் பெரிய குறை அது: அது தடயம் விடுவதில்லை.

ஸ்கிரிப்ட் தடயம் விடும். இது புது வித்தையும் இல்லை. இப்படி வரிவரியாக ஓடும் ஃபைல்களை மேய்வதற்காகவே 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் ஒரு சின்ன மொழியை உருவாக்கினார்கள். மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆக்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் லினக்ஸ் கணினிகளில் அது இருக்கிறது. இப்போது பெரும்பாலானவர்கள் கைவைப்பது பைத்தானும், 2008-இல் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கிய பாண்டாஸ் தொகுப்பும்.

பாண்டாஸில் வேலை எளிது. ஒரு ஃபோல்டரில் உள்ள சிஎஸ்வி ஃபைல்களின் பெயர்களைப் பட்டியலாக எடுக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகப் படித்து ஒரு லிஸ்ட்டில் போட்டுக்கொண்டே வர வேண்டும். கடைசியில் ஒரே ஒருமுறை, 'கான்கேட்' என்ற கட்டளையால் எல்லாவற்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒருமுறை கான்கேட் போட்டால், ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்த மொத்தமும் மறுபடி நகலெடுக்கப்படும். நூறு ஃபைல் தாண்டினால் லேப்டாப் மூச்சு வாங்கும். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தப்பு இது. ஆனால் இது நேரத்தைத்தான் தின்னும், டேட்டாவைத் தின்னாது.

டேட்டாவைத் தின்னும் தப்புகள் வேறு. அவை எல்லாமே சத்தம் போடாதவை.

ஒரு கிளை அனுப்பிய ஃபைலில் பத்தியின் தலைப்பு 'தொகை'. இன்னொரு கிளையில் அதே 'தொகை', ஆனால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. மனிதக் கண்ணுக்கு ஒன்று, பாண்டாஸுக்கு இரண்டு. அது திட்டாது, சமர்த்தாக இரண்டு பத்திகளை உருவாக்கி, ஒன்றில் பாதியையும் இன்னொன்றில் மீதியையும் போட்டு, நடுவில் காலியாக விட்டுவிடும். வரிசைகளின் எண்ணிக்கை துல்லியமாக டேலி ஆகும். 'தொகை'யைக் கூட்டினால் மட்டும் ஒரு கிளையின் பணமே காணாமல் போயிருக்கும்.

அடுத்தது, 'மொத்தம்' வரிசை. கிளை மேலாளர்கள் அழகுக்காக ஒவ்வொரு ஃபைலின் அடியிலும் ஒரு கூட்டுத்தொகை போட்டு அனுப்புவார்கள். அடுக்கும்போது அதுவும் ஒரு விற்பனையாகவே ஏறும். எல்லாக் கிளைகளும் அப்படி அனுப்பியிருந்தால் அந்த மாத விற்பனை சரியாக இரண்டு மடங்கு. போனஸ் அறிவித்துவிட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. சேர்த்த ஃபைலை அதே ஃபோல்டரிலேயே சேமித்துவைத்தால், அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடும்போது அதையும் ஒரு கிளை ஃபைலாக நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு மாதிரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டேட்டா வீங்கிக்கொண்டே போகும். வாட்ஸ்அப்பில் இரண்டு முறை டவுன்லோடு ஆகி, பெயரின் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்ற எண்ணோடு உட்கார்ந்திருக்கும் நகல் ஃபைலும் இதே ரகம்தான்.

மிக மோசமானது எது என்று கேட்டால், 'தப்பான வரியைத் தாண்டிப் போ' என்ற கட்டளை. முகவரியில் காற்புள்ளி இருந்து, அதைச் சுற்றி மேற்கோள்குறி இல்லையென்றால், அந்த வரியில் ஒரு பத்தி அதிகமாகத் தெரியும். பாண்டாஸ் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திட்டும். நியாயமான திட்டு. ஆனால் இரவு எட்டரை மணிக்கு ரிப்போர்ட் போக வேண்டிய ஒருவர் இணையத்தில் தேடினால் கிடைக்கும் முதல் வைத்தியமே, அத்தகைய வரிகளைத் தாண்டிப் போகச் சொல்வதுதான். எழுதுகிறார். ஓடுகிறது. "அப்பாடா" என்கிறார். கதவு எண்ணும் தெருப் பெயருமாக எழுதப்பட்ட நம் ஊர் முகவரிகளில் காற்புள்ளி இல்லாத முகவரி எத்தனை? இங்கிலாந்தில் இயந்திரம் சத்தமில்லாமல் செய்ததை இங்கே மனிதர் கட்டளையிட்டே செய்ய வைக்கிறார்.

தமிழுக்கென்றே சில கண்ணிகள்

தமிழ்நாட்டு டேட்டாவை அடுக்குபவர்களுக்கு இன்னொரு அடுக்குத் தலைவலி உண்டு. பல அலுவலகங்களின் பழைய ஃபைல்கள் யூனிகோடில் இல்லை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டியவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் 'மதுரை' என்று தெரிவது, சிஎஸ்வியாக வந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறும். ஒரு மாவட்டம் யூனிகோடிலும் இன்னொன்று பாமினியிலும் அனுப்பினால், ஸ்கிரிப்ட் இரண்டையும் மரியாதையாக அடுக்கிவைக்கும். மாவட்டவாரியாகப் பிரிக்கும்போதுதான், இதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு மாவட்டம் பட்டியலில் முளைக்கும்.

யூனிகோடிலேயே இருந்தாலும் தப்பவில்லை. 'கோவை'யில் வரும் 'கோ'வை எழுத இரண்டு வழிகள் உண்டு: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. கோவை இரண்டாக உடைந்து, ஒவ்வொன்றிலும் பாதி வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். அடுக்குவதற்கு முன்பு எல்லா எழுத்துகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானில் ஒரே ஒரு கட்டளை போதும். தெரியாதவர்களுக்குத்தான் அது தெரியாது.

எண்களும் சும்மா இருப்பதில்லை. சிஎஸ்வியை எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்தால், சென்னையின் 044-இல் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்துவிடும். 12 இலக்க ஆதார் எண் அறிவியல் குறியீடாகச் சுருங்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால், சுருங்கியதுதான் மிஞ்சும். 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். தேதியில் 03-04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பதைக் கணினியின் அமைப்பே முடிவு செய்யும். 12-ஆம் தேதிக்குப் பிறகு வருபவை மாறாமல் எழுத்தாகவே நிற்கும். ஆக, ஒரே மாதத்தின் முதல் 12 நாட்கள் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். எனவே, எந்த ஃபைலையும் முதலில் எக்செல்லில் 'சும்மா பார்க்க' திறந்து சேமிக்கக் கூடாது. ஸ்கிரிப்டிலும் எல்லாவற்றையும் முதலில் எழுத்தாகவே படித்து, அடுக்கிய பிறகு எண்ணாகவும் தேதியாகவும் மாற்றுவதே பத்திரம்.

எண்ணிக்கை யாரிடமிருந்து வர வேண்டும்?

'சரி, ஸ்கிரிப்டிலேயே எண்ணச் சொல்லிவிட்டால் போயிற்று' என்று தோன்றும். ஒவ்வொரு ஃபைலையும் படித்ததும் அதன் வரிசைகளை எண்ணி, கூட்டி, கடைசி அடுக்கோடு ஒப்பிடலாம். கட்டாயம் செய்ய வேண்டியதுதான். ஆனால் போதாது. தப்பான வரிகளைத் தாண்டிப் போன ஸ்கிரிப்ட், தாண்டிய பிறகு மிஞ்சியதைத்தான் எண்ணும். இரண்டு பக்கமும் ஒரே பொய், டேலி ஆகும்.

அதனால் எண்ணிக்கை அனுப்பியவரிடமிருந்து வர வேண்டும். லாரி ஷெட்டில் ஏற்றும் இடத்திலேயே சீட்டு எழுதுவது அதற்காகத்தான். கிளை அலுவலகம் ஃபைலோடு இரண்டு எண்களை அனுப்பட்டும்: எத்தனை பதிவு, மொத்தத் தொகை எவ்வளவு. அவற்றைத் தனியாக ஒரு சின்னப் பட்டியலில் வைத்து, ஸ்கிரிப்ட் தான் படித்ததோடு ஒப்பிடட்டும். வரிசை குறைந்தால் முதல் எண் காட்டிக்கொடுக்கும். பத்தி உடைந்தால் இரண்டாவது எண் காட்டிக்கொடுக்கும். கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் ஒரு பக்கத்தின் அடியில் எழுதிய தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித் தொடங்கியதும் இதே எச்சரிக்கையால்தான்.

கூடவே, ஒவ்வொரு வரிசையிலும் அது எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று ஒரு பத்தியில் எழுதிவைக்க வேண்டும். இதற்கு ஸ்கிரிப்டில் ஒரே வரிதான் கூடும். ஆனால் 'இந்தப் பதிவு எங்கேருந்து வந்துச்சு?' என்று ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது பதில் இருக்கும்.

இதற்கு வழக்கமாக வரும் எதிர்க்கேள்விகள் இரண்டு. ஒன்று: எக்செல்லிலேயே பவர் குவெரி இருக்கிறதே, ஒரு ஃபோல்டரை மொத்தமாக அடுக்குமே, பைத்தான் எதற்கு? நல்ல கேள்வி. கோடிங் பக்கமே போகாதவர்களுக்கு அது நல்ல கருவிதான். மேலே சொன்ன கண்ணிகளில் பல அதற்கும் பொருந்தும் என்பது தெரிந்தால் போதும். இரண்டு: இப்போது ஏஐயிடம் கேட்டாலே ஸ்கிரிப்ட் வந்துவிடுகிறதே? வருகிறது; பெரும்பாலும் ஓடவும் செய்கிறது. ஆனால் 'ஃபைல்களைச் சேர்த்துக் கொடு' என்று மட்டும் கேட்டால், சேர்ப்பதற்கான ஸ்கிரிப்ட்தான் வரும். கிளையின் எண்ணோடு டேலி பார்க்க வேண்டும் என்பது அலுவலகத்தைத் தெரிந்தவருக்குத் தோன்ற வேண்டிய விஷயம். கேட்டால் அதையும் அது எழுதித் தரும்.

உண்மையான தடை கருவியில் இல்லை, மேலதிகாரியின் மேஜையில் இருக்கிறது. பெரும்பாலான அலுவலகங்களில் பாராட்டு, ஐந்து மணிக்கு முன்னால் அனுப்பியவருக்குத்தான். "சார், சேலம் கிளை 412-ன்னு சொல்லியிருக்காங்க, நமக்கு 409 தான் வருது, கேட்டுட்டு அனுப்பட்டுமா?" என்று நிற்கும் ஜூனியருக்குக் கிடைப்பது, "மூணு தானப்பா, இதுக்குப் போய்..." என்ற சலிப்பு. அந்த மூன்றில் ஒருவரின் சம்பளம் இருக்கலாம், ஒருவரின் காப்பீட்டுக் கோரிக்கை இருக்கலாம், ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கலாம். அதற்கு மேல், மூன்று ஏன் விழுந்தது என்று தெரியாதவரை, அடுத்த மாதம் முந்நூறு விழாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? இங்கிலாந்தில் அந்தப் படிவம், தொற்று குறைவாக இருந்த மாதங்களில் ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை ஏறிய வாரத்தில்தான் கைவிட்டது.

டேலி ஆகாவிட்டால் கடைசி ஃபைலை எழுதாமலேயே நின்றுவிடும்படி ஸ்கிரிப்டுக்குச் சொல்ல முடியும். பைத்தானில் அதற்கு 'அசெர்ட்' என்று ஒரே வரி. அந்த வரி இருக்கும் ஸ்கிரிப்ட் சில நாட்களில் ஐந்து மணியைத் தாண்ட வைக்கும். சேலத்துக்கு போன் போட வைக்கும். போனை எடுப்பவர், "ஆமாங்க, மூணு பேரோட அட்ரஸ்ல கமா இருக்கு, இருங்க மாத்தி அனுப்புறேன்" என்பார்.